த்ரீ பேஸ் போன காலாண்டு லீவு

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் கிராமத்து ஆசை வந்துவிடும். வாட்ஸப் குழுவில் யாராவது ஒரு விளம்பரத்தைப் போடுவார்கள். சிதம்பரம் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு, மண்பானைச் சமையல், மாட்டு வண்டிச் சவாரி, தூண்டில் போட்டு மீன் பிடிப்பது, கடைசியில் தடித்த எழுத்தில் ‘பம்ப்செட் குளியல்’. உடனே நாலு பேர் என் மேஜைக்கு வந்து நிற்பார்கள். உங்க ஊர் அந்தப் பக்கம்தானே மேடம், என்ன சாப்பிடலாம், எங்கெங்கே போகலாம் என்று ஒரு ப்ளான் போட்டுக் கொடுங்களேன் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிராமத்தில் தங்குவதற்குத் திட்டம் போடுவதில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கிற அனுபவம் இந்த விளம்பரக்காரர்கள் யாருக்கும் கிடையாது. நாள் முழுக்க உட்கார்ந்து போட்ட திட்டம் அது. ஒரு மத்தியானச் சாப்பாட்டில் ஊற்றி மூடிவிட்டது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீடு. அப்பா கடலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்துச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். சொந்த ஊர் புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, வெள்ளாற்றங்கரை ஓரம். ஊர் என்று சொல்வது ஒரு வசதிக்குத்தான். ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா வீடு இருக்கும் காலனி இந்தப் பக்கம். பொங்கலுக்குப் போவோம், இரண்டே நாளில் பஸ் ஏறிவிடுவோம். வாய்க்காலைத் தாண்டி நான் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் விட்டுவிட மாட்டார்கள். “அங்க எந்தத் தெரு?” என்று அடுத்த கேள்வி வரும். சிரித்த முகத்தோடுதான் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும், பிறகு அவரவர் வசதிக்கு ஏற்ப நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்கு அப்பா வாழ்நாள் முழுக்கப் பயந்தார். அலுவலகத்தில் அதைக் கேட்காத ஒரே மனிதர் அடுத்த மேஜை அங்கிள். மங்கலம்பேட்டைப் பக்கம் சொந்த ஊர் என்று சொன்னதோடு சரி, மேற்கொண்டு அவரும் சொன்னதில்லை, அப்பாவும் கேட்டதில்லை. “டீசன்டான மனுஷன். எதையும் நோண்டி நோண்டிக் கேக்க மாட்டாரு” என்று அப்பா வீட்டில் வந்து மெச்சிக்கொள்வார். இவ்வளவு நாகரிகமாக ஒருவர் இருக்கிறார் என்றால் பெரிய இடத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

மத்தியானத்தில் மற்றவர்கள் பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்பாவும் அங்கிளும் ஜன்னலோரத்தில் இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வார்கள். அம்மா வைத்த காரக்குழம்பு அங்கிள் வயிற்றுக்குப் போகும், ஆன்ட்டி செய்த புளிசாதம் அப்பாவுக்கு வரும். வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து தன் டப்பாவில் இன்னொரு மனிதன் கை வைத்துச் சாப்பிட்டது அப்பாவுக்கு அதுதான் முதல் தடவை. அம்மா தினமும் காலையில் இரண்டு கரண்டி கூடுதலாகவே போடுவாள். அவருக்கு உறைப்பு ஆகாதாம் என்று அடுப்படியில் எண்ணெய்ச் சட்டியோடு பேசிக்கொண்டிருப்பாள்.

அங்கிளின் மகள் நிவேதா என் வகுப்பு. ஒரே பெஞ்சு. இரண்டு பேரும் சேர்ந்துதான் வினையை இழுத்துவிட்டோம். காலாண்டுப் பரீட்சை முடிந்த லீவில் எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள், நிவேதா மட்டும் எங்கேயும் போவதில்லை. அவர்கள் அப்பா அவளைச் சொந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனதே கிடையாதாம். என் ஊருக்கு வாயேன், ஆறு இருக்கிறது, வயல் இருக்கிறது, பம்ப்செட் இருக்கிறது என்று நான் அளந்து விட்டேன். அவள் வீட்டில் போய் அழுது உருண்டாள். அங்கிள் மறுநாள் சாப்பிடும்போது, புள்ள தொல்லை தாங்கல சார், ரெண்டு நாள் உங்க ஊர்ல வந்து தங்கிட்டுப் போறோமே என்று கேட்டுவிட்டார். வாயில் அவர் வீட்டுப் புளிசாதம் இருக்கும்போது அப்பா எப்படி முடியாது என்பார். தாராளமா வாங்க சார் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

வந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் ஜன்னலோர நாற்காலி போய்விடும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் என் காதில் விழும்படி யாரும் இப்படிப் பச்சையாகச் சொல்லவில்லை. ஆகவே விருந்தாளி வருகிற வீட்டில் ஏன் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் மட்டும் குதித்துக்கொண்டு திரிந்தேன்.

மறு ஞாயிற்றுக்கிழமையே அப்பாவும் அம்மாவும் என்னை இழுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குத் திட்டம் போடப் போனார்கள். முதலில் சாப்பாடு. அதிலேயே முட்டுக்கட்டை. அவர்கள் சைவமா, கவிச்சி சாப்பிடுகிறவர்களா என்றே தெரியாது. டிபன் பாக்ஸில் முட்டை வந்திருக்கிறது, மீன் வந்ததில்லை. நேரில் கேட்டுவிட்டால் என்ன என்று பெரியம்மா சொன்னதற்கு, அம்மா அரண்டுபோய்விட்டாள். நாம் கேட்டால் அவர்களும் கேட்பார்கள் இல்லையா. ஆகவே இரண்டும் சமைப்பது என்று முடிவாயிற்று. வந்த அன்றைக்குக் கத்தரிக்காய் கொத்சும் சம்பா அரிசிச் சாதமும் வாழைக்காய் வறுவலும். அதை அவர்கள் சாப்பிடுகிற தினுசைப் பார்த்து, மறுநாள் நாட்டுக்கோழியா நண்டா என்று தீர்மானித்துக்கொள்ளலாம். கோழியைத் தயாராகக் கூடையில் கவிழ்த்து வைப்பது, சமைக்காவிட்டால் திறந்துவிடுவது. கூடையில் இருந்த கோழிக்கு இருந்த நிச்சயம்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

பெரியம்மா உப்புக்கண்டம் போட்டு வைத்திருந்தாள். மாட்டுக்கறியை மஞ்சளும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்துக் கயிற்றில் கோத்த சரம். அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும், சுட்டுத் தின்றால் நாலு வாய்ச் சோறு கூடுதலாக இறங்கும். எனக்கு உயிர். அதை அவிழ்த்துச் சட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, மாட்டுக் கொட்டகைப் பரணில் தள்ளினார்கள். வாடை வருகிறதே என்று யாராவது கேட்டால் எலி செத்துக் கிடக்கிறது என்று சொல்ல வேண்டும். இதை என்னிடம் அம்மா பாடம் மாதிரி ஒப்பிக்கச் சொன்னாள். காலனி என்ற வார்த்தையும் வாயில் வரக் கூடாது. எங்க தெரு என்றும் சொல்லக் கூடாது. எங்க வீடு என்று மட்டும் சொல்ல வேண்டும். சரி சரி என்று தலையாட்டினேன்.

அடுத்து, எங்கே கூட்டிக்கொண்டு போவது. இதில் நான்தான் யோசனைகளை அள்ளி வீசினேன். குளத்தில் குளிக்கலாமே என்றேன். அட்டை இருக்கிறது என்றார் அப்பா. மாரியம்மன் கோயில்? திருப்பணி நடக்கிறது, சாமி பார்க்க முடியாது. மாந்தோப்பு? குளவி. மைதானத்தில் பையன்களோடு பட்டம்? பையன்கள் சரியில்லை. அப்படியென்றால் பம்ப்செட், அது போதும், நிவேதாவுக்குச் சத்தியம் பண்ணிவிட்டேன் என்று அழுதேன். அந்த மோட்டாரில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்றார். பெரியப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், “தண்ணி நல்லாத்தான் வருது. நமக்குத்தான் வராது” என்றார். அப்பா அவரை முறைத்தார். எனக்கு அது விடுகதை மாதிரி இருந்தது. கடைசியில் மிஞ்சியவை இரண்டே இரண்டு. வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் தூண்டில் போடலாம். பிச்சாவரத்தில் டிக்கெட் வாங்கிப் படகில் போகலாம், டிக்கெட் கொடுக்கிறவன் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. இவ்வளவு பெரிய ஊரில் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத எங்கள் அப்பாவை நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது. மகா கஞ்சூஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

காரில் வருகிறவர்களை எந்த வழியாகக் கூட்டி வருவது என்பதற்கும் திட்டம் இருந்தது. தார் ரோட்டில் வந்தால் காலனி முகப்பில் நீலப் பெயர்ப்பலகை கொட்டை எழுத்தில் நிற்கும். ஆகவே ஆற்றங்கரை மண்பாதையில் திருப்பி, வயல் வழியாக வீட்டின் பின்பக்கம் கொண்டு வந்து நிறுத்துவது. எங்களுடையது கடைசி வீடு. பின்பக்கமாக வந்தால் வயலும் ஆறும்தான் தெரியும், ஏதோ தோட்ட வீடு மாதிரி இருக்கும். அக்கம்பக்கத்து ஜனம் இரண்டு நாளைக்கு இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று அப்பா கேட்டபோதுதான் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“எந்த வூட்டுக்கு எந்த ஜனம் வரக் கூடாதுங்கிற? அவன் வூட்டுக்குள்ள நீ போவ முடியுதோ இல்லையோ, என் வூட்டுக்குள்ள என்னையே ஒளிஞ்சிக்கச் சொல்றியா?”

அப்பா குனிந்து பாயைச் சுருட்டினார். பிறகு பெரியப்பாவே எழுந்து போய் ஒவ்வொரு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். தம்பி என்றால் அவருக்கு உயிர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் வந்தார்கள். சிப்காட்டைத் தாண்டும்போது அடித்த ரசாயன நாற்றத்தில் நிவேதா வாந்தி எடுத்திருந்தாள், முகம் வாடிக் கிடந்தது. கரடுமுரடான மண்பாதையில் கார் ஆடி ஆடி வந்து நின்றது. பாதை மோசமாக இருக்கிறதே, வேறு ரோடு இல்லையா என்று அங்கிள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாருங்கள், எவ்வளவு டீசன்ட். அம்மா புது எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். ஆன்ட்டி வாங்கி ஒரே மூச்சில் அண்ணாந்து குடித்து, இன்னொன்று கேட்டார். அம்மா உள்ளே ஓடிப்போய்ப் பெரியம்மா தோளைப் பிடித்துக்கொண்டு, “குடிச்சிட்டாங்கக்கா, ரெண்டு டம்ளரு” என்று கிசுகிசுத்தாள். தாகம் எடுத்தவர் தண்ணீர் குடித்ததற்குக் கண் கலங்குவானேன் என்று எனக்கு விளங்கவில்லை.

முதல் நாள் திட்டம் வழுக்கிக்கொண்டு போயிற்று. கொத்சைச் சாப்பிட்ட கையோடு அங்கிளே, ஆத்தங்கரைக்கு வந்துட்டு நண்டு இல்லாமலா என்று வாயைத் திறந்தார். அம்மாவுக்குப் போன உயிர் வந்தது. சாயங்காலம் வாய்க்காலில் தூண்டில் போட்டோம். நிவேதா ஒரு கெண்டையைப் பிடித்துவிட்டு, அதை வெளியே எடுக்கப் பயந்து கத்தினாள். ஆன்ட்டி வந்து லாகவமாகச் செவுளைப் பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றினார். டவுன் பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று நான் ஆச்சரியப்பட்டேன். வேறு யாரும் பட்டதாகத் தெரியவில்லை. அவரவருக்குத் தங்கள் ரகசியத்தைக் காப்பதே பெரும்பாடாக இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அம்மா ஆடிப்போனாள். ஆன்ட்டி மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனவர், பரணுக்கு நேர் கீழே நின்று மூக்கை உறிஞ்சினார். ஒரு முறை இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இழுத்து உறிஞ்சினார். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். நாற்றம் தட்டிவிட்டது என்று பதறி, கொட்டகை முழுக்கச் சாம்பிராணி போட்டாள். மாடுகள் தும்மின. ஆன்ட்டி ஒன்றும் கேட்காமல் வந்து தின்பண்டத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை நண்டு ஆய்வதில் பெண்கள் மும்முரமாக இருந்தார்கள். அப்பாவும் அங்கிளும் ஆற்றங்கரையில் நடக்கப் போயிருந்தார்கள். பெரியப்பா வேலைக்குப் போய்விட்டார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நிவேதா என்னைப் பார்த்தாள். சத்தியம் பண்ணினவள் நான். துண்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மூங்கில் பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் போனோம்.

அப்பா சொன்னது பச்சைப் பொய். தண்ணீர் தொட்டிக்குள் கொட்டுகிற வேகத்தில் நுரை மேலே எழும்பியது. பக்கத்தில் தென்னை மரம், நிழல், சோப்புப் போட ஒரு கல். வரப்பில் அந்த மோட்டாருக்குச் சொந்தக்காரர் குடையோடு நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நல்ல சிரித்த முகம். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டார். என் பெரியப்பா பேரைச் சொன்னேன். வாய்க்கால் ஓரக் கடைசி வீடு என்று சேர்த்தும் சொன்னேன். காலனி என்று சொல்லாததில் எனக்குப் பெருமை. அவர் முகம் மாறவில்லை, அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன், துளிகூட மாறவில்லை. அப்படியா கண்ணு என்றார். மோட்டார் கொட்டகைக்குள் போனார். தண்ணீர் நின்றது. வெளியே வந்து, “த்ரீ பேஸ் போயிடுச்சி கண்ணு. வெயில்ல நிக்காதீங்க, வூட்டுக்குப் போங்க” என்றார்.

த்ரீ பேஸ் என்றால் எனக்குத் தெரியும். அது போனால் மோட்டார் ஓடாது, குண்டு பல்பு மட்டும் எரியும். வீட்டில் பெரியப்பா எப்போதும் திட்டிக்கொண்டிருப்பார். நிவேதாவுக்கு அதை விளக்கிச் சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் வருவதற்குள் பின்னால் மோட்டார் சத்தம். வந்துடுச்சி என்று கத்திக்கொண்டு ஓடினோம். எங்கள் தலை வரப்பில் தெரிந்ததும் சத்தம் நின்றது. மறுபடியும் போயிடுச்சே கண்ணு என்று அவர் கையை விரித்தார். எவ்வளவு நல்ல மனிதர், எங்களுக்காக எவ்வளவு வருத்தப்படுகிறார் என்று தோன்றியது. திரும்பினோம். பாலத்தில் ஏறினோம். மோட்டார் ஓடியது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேண்டுமென்றே திரும்பி ஓடினோம், நின்றது. ஓடிவந்தோம், ஓடியது. கண்ணாமூச்சி மாதிரி ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. குளிக்காமலே வேர்த்து நனைந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

சாப்பாட்டுக்கு வாழை இலை போட்டிருந்தது. நண்டுக் குழம்பு வாசம் வீட்டைத் தூக்கியது. அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாளைக்கும் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுப் பிச்சாவரம், காலையிலேயே கிளம்பிவிடலாம், படகில் சாப்பிட எலுமிச்சை சாதம் என்று சொல்லிக்கொண்டே அங்கிள் இலையில் நண்டுக் காலை உடைத்து உடைத்து வைத்தார். பெரியப்பாகூட வேலையிலிருந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேலி பேசினார். அப்போதுதான் நிவேதா ஆரம்பித்தாள்.

“அப்பா, இங்க ஒரு காமெடி கரண்ட்டு இருக்குப்பா. நாங்க போனா மோட்டார் நின்னுடுது, திரும்பி வந்தா ஓடுது.”

நான் விடுவேனா. அந்த மனிதர் கையை விரித்ததை எழுந்து நின்று நடித்துக் காட்டினேன். அவர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டதையும் நான் கடைசி வீடு என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வேறு யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா இலையை மூடினார். அப்பாவின் கை அங்கிள் இலைக்கு மேலே நண்டுக் காலோடு அப்படியே நின்றது. அதை வைப்பதா எடுப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. அங்கிள் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு இருந்த சோற்றை அவசரம் அவசரமாகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, ஆபீசிலிருந்து கூப்பிடுகிறார்கள், உடனே கிளம்ப வேண்டும் என்றார். அதே ஆபீசில் வேலை பார்க்கிற அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னார். சரிங்க சார் என்றார் அப்பா.

பிச்சாவரம் போச்சே என்று நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். மிச்ச நண்டுக் குழம்பை ஒரு தூக்கில் ஊற்றி ஆன்ட்டி கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். மண்பாதையில் கார் ஆடி ஆடிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, அந்தத் தார் ரோட்டிலேயே கூட்டி வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார். கூடைக்குள் இருந்த கோழியைப் பெரியம்மா திறந்துவிட்டாள்.

அந்தத் தூக்கு இரண்டு நாள் கழித்து அப்பாவின் மேஜைக்கு வந்தது. கழுவித் துடைத்து, காலியாக. எங்கள் பக்கத்தில் வாங்கின பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, பரண்மேல் போட்டாள். அங்கிள் சாப்பிடப் பெரிய மேஜைக்குப் போய்விட்டார். ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலிதான் மிஞ்சியது. நிவேதாவும் வேறு பெஞ்சுக்கு மாறினாள். எங்க அப்பா மாறச் சொன்னார் என்று அவளே சொன்னாள், ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் அங்கிள் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டார். டீசன்டான மனுஷன் என்று அப்பா அதற்குப் பிறகு யாரைப் பற்றியும் சொன்னதில்லை. “எல்லாம் ஒரே ரத்தம். தெரிஞ்சதும் காட்டிட்டான் பாத்தியா” என்று அம்மாவிடம் ஒரு நாள் சொன்னார். அதே எண்ணத்தோடுதான் ரிடயரும் ஆனார். தெரிந்ததும் ஒதுங்கிப்போன பெரிய இடத்து மனிதர் என்றே அவர் மனதில் அங்கிள் தங்கிப்போனார்.

ஆனால் அன்றைக்கு அவர்கள் கார் ஏறுவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. ஆன்ட்டி முகம் கழுவ வேண்டும் என்றார். அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்ததால் நான்தான் கொட்டகைக்குப் பக்கத்து அடிபம்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் அடித்தேன், ஆன்ட்டி குனிந்து வெகுநேரம் முகத்தைக் கழுவினார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. பரணைப் பார்த்தார்.

“அது உப்புக்கண்டம்தானே?” என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பாடத்தை ஒப்பித்தேன். “இல்ல ஆன்ட்டி. எலி செத்துக் கெடக்கு.”

ஆன்ட்டி சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார், துடைத்தும் ஈரம் போகவில்லை. வயல் பக்கம் காரிலிருந்து அங்கிள் ஹாரன் அடித்தார். ஆன்ட்டி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் தலையைத் தடவினார்.

“எங்க ஊர்லயும் மோட்டார் இப்புடித்தாம்மா நின்னுபோவும்” என்றார்.

“உங்க ஊர்லயும் த்ரீ பேஸ் ஒழுங்கா வராதா ஆன்ட்டி?”

“வரும்மா. நாங்க போனா போயிடும்.”

இதை அம்மாவிடம் சொல்லு என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. மங்கலம்பேட்டையில் கரண்ட் போவதை அம்மாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நான் விட்டுவிட்டேன். நம் ஊரைவிட அங்கே கரண்ட் கட் ஜாஸ்தி போலிருக்கிறது, அதனால்தான் நிவேதாவைக் கூட்டிக்கொண்டு போவதில்லை, பாவம் என்று அவர்களுக்காக வருத்தப்பட்டேன். இன்னும் கொஞ்சம் கழுவிக்குங்க ஆன்ட்டி, இந்தத் தண்ணி நிக்காது என்று சொல்லி, பலம் கொண்ட மட்டும் பம்பை அடித்தேன்.